கோரக்கர் மூலியும் கருப்பையும்: ஒரு பழைய கேள்வியின் பல விடைகள்

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி ஏறுகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து வத்திராயிருப்பு வந்து, தாணிப்பாறையில் நடக்கத் தொடங்குவார்கள். அந்த மலையில் கோரக்கர் தவமிருந்த இடம் என்று ஒரு குகையைக் காட்டுவது வழக்கம். பதினெண் சித்தர்களில் ஒருவராகச் சொல்லப்படும் அவர் பெயரைத்தான் கஞ்சாச் செடியும் சுமக்கிறது. சித்த மருத்துவத்தில் அதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர். சிவமூலி, பங்கி என்றும் சொல்வார்கள். அதே மலைத்தொடரின் மறுசரிவான வருசநாட்டுப் பக்கத்தில் கஞ்சாத் தோட்டங்களைத் தேடி அழித்த கதையும் பழையதுதான். மூலி என்றும் போதை என்றும் இரண்டு பெயர்களில் ஒரே மலையில் வாழ்ந்த செடி இது.

இந்தச் செடி பெண்ணின் கருப்பைக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக விடை சொல்லி வருகிறார்கள். மாதவிலக்கு வலியைத் தணிக்கும் என்றார்கள். பிரசவத்தை விரைவுபடுத்தும் என்றார்கள். கருத்தரிப்பைக் கெடுக்கும், பிறக்கும் பிள்ளையின் எடையைக் குறைக்கும் என்றும் சொன்னார்கள். எல்லாமே தகுதியுள்ள மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சொன்னவை. இவை முரண்படுவதற்கு ஆளுக்காள் விருப்பு வெறுப்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் வேறு என்று தோன்றுகிறது. கருப்பைக்கு ஒரு நாள் போல் மறுநாள் இல்லை. விடை சொன்னவர்கள் ஒவ்வொருவரும் அதன் வெவ்வேறு நாளைப் பார்த்திருக்கிறார்கள்.

மூலி என்ற விடை

பழைய மரபில் கஞ்சாவின் முதன்மையான வேலைகள் வலி, கழிச்சல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவற்றைச் சார்ந்தவை. இன்றும் மருந்துச் சட்ட விதிகளின் இ(1) அட்டவணையில், சித்த மருத்துவத்தின் நச்சுச் சரக்குகளுள் ஒன்றாக எட்டி, சேராங்கொட்டை ஆகியவற்றோடு கஞ்சாவும் இருக்கிறது. அதாவது அது மருந்துதான். ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டியது என்ற எச்சரிக்கையோடு விற்க வேண்டிய மருந்து.

பெண்களின் நோய்களுக்கு நம் பக்கத்தில் கை முதலில் போனது இந்த மூலிக்குத்தானா என்றால், அப்படித் தெரியவில்லை. சூதகவலிக்கும் பெரும்பாட்டுக்கும் பேசப்படுபவை அசோகப் பட்டை, சதகுப்பை, சோற்றுக்கற்றாழை, மலைவேம்பாதித் தைலம். வீட்டிலோ, வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் பெருங்காயம் கரைத்த மோர், வெந்தயம். ‘நம் முன்னோர் பெண்நோய்க்கெல்லாம் கஞ்சாதான் கொடுத்தார்கள்’ என்று இப்போது கஞ்சா எண்ணெய் விற்பவர்கள் சொல்லும் வரலாறு சற்று மிகையானது.

சரக்கைச் ‘சுத்தி’ செய்யும் முறையில் மட்டும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இலையைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, பாலில் வேகவைத்து, நெய்யில் வதக்குவது ஆயுர்வேதத்தில் அறியப்பட்ட வழி. கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பச்சைச் செடியில் அது பெரும்பாலும் அமில வடிவில் இருந்து, சூடுபட்டபின்தான் வீரியம் பெறும். ஆகவே இந்தச் சுத்தி நஞ்சை நீக்குகிறது என்பதோடு, சில கட்டங்களில் வீரியத்தைக் கூட்டவும் செய்யலாம். மரபு மருந்தின் அளவை இன்றைய மில்லிகிராமில் பெயர்த்துப் பேசுவது ஏன் கடினம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சீமை டாக்டர்களின் டிங்சர்

கருப்பைக்குக் கஞ்சா என்ற பேச்சு அச்சில் பெருகியது இங்கிருந்து அது சீமைக்குப் போன பிறகு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் ஓ'ஷானசி 1839இல் தன் சோதனைகளை வெளியிட்டார். வாதம், காலரா, இசிவு, குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றுக்கு அவர் கஞ்சாச் சாற்றைக் கொடுத்துப் பார்த்திருந்தார். பத்தே ஆண்டுகளில் டப்ளின் மகப்பேறு மருத்துவர் ஃப்ளீட்வுட் சர்ச்சில் அதே சரக்கின் டிங்சரைக் கருப்பை இரத்தப்போக்கை நிறுத்தக் கொடுத்தார். 1851இல் எடின்பரோவின் அலெக்சாண்டர் கிறிஸ்டிசன், பிரசவ வேளையில் கொடுத்தால் கருப்பைச் சுருக்கம் வலுக்கிறது என்று எழுதினார். 1883இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெரும்பாட்டுக்கு இதுவே சிறந்தது என்று இரண்டு மருத்துவர்கள் அடுத்தடுத்து எழுதினார்கள். அவர்களில் ஒருவருடைய அனுபவத்தில் பெரும்பகுதி இந்தியாவில் கிடைத்தது. 1890இல் லான்செட் இதழில் ஜே. ரஸ்ஸல் ரெனால்ட்ஸ், இசிவு வகை மாதவிலக்கு வலிக்கு இது பயன்படும் என்றார். ரெனால்ட்ஸ் அரண்மனை மருத்துவர் என்பதால் விக்டோரியா ராணியே மாதவிலக்கு வலிக்குக் கஞ்சா சாப்பிட்டார் என்று ஒரு கதை கிளம்பி இன்றுவரை ஓடுகிறது. அதற்குச் சான்று கிடையாது. கட்டுரை வெளிவந்தபோது ராணிக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

இந்தக் காலத்து எழுத்துகளின் பலவீனம் வெளிப்படையானது. இரத்தத்தை நிறுத்தியது, சுருக்கத்தைக் கூட்டியது, இசிவைத் தளர்த்தியது எல்லாம் ஒரே சரக்கு. இவற்றில் முதல் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தலாம். மூன்றாவது மற்ற இரண்டோடும் இடிக்கிறது. ஒப்பீட்டுக் குழு கிடையாது, நோயாளிகள் சிலரே. போதாக்குறைக்கு, ஒரு கடை டிங்சர் தூங்கவைத்தால் அடுத்த கடை டிங்சர் ஒன்றும் செய்யாது. எதை அளப்பது என்றே தெரியாத காலம் அது, டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் காட்டியது 1964இல்தான். 1930களிலும் 40களிலும் பிரிட்டன், அமெரிக்க மருந்து நூல்கள் கஞ்சாவை நீக்கியபோது மருத்துவ உலகில் எதிர்ப்பு பெரிதாக எழவில்லை. ஆஸ்பிரின் வந்துவிட்டிருந்தது; ஊசி வழியே கொடுக்கத் தக்க மருந்துகளும் வந்துவிட்டன.

தடை என்ற விடை

சட்டத்தின் விடை இன்னொரு பாதையில் வந்தது. 1893–94இல் இந்திய அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழு 1,193 பேரை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை தேவையில்லை என்று முடித்தது. அது கேட்ட கேள்விகளில் பித்துப் பிடிக்குமா, குற்றம் பெருகுமா, காமத்தைத் தூண்டுமா, ஆண்மையைக் குறைக்குமா என்பவை உண்டு. பெரும்பாலும் ஆணைச் சுற்றியே வந்த விசாரணை அது.

1961ஆம் ஆண்டு பன்னாட்டு ஒப்பந்தமும், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் கதவைச் சாத்தின. நம் சட்டத்தில் கஞ்சா என்பது பூத்த அல்லது காய்த்த நுனிகள். நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. ஒரு கிலோவரை சிறு அளவு, இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரிமம் தர வழி இருக்கிறது என்றாலும் அந்த வழி குறுகலானது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானம் 27க்கு 25 என்ற வாக்கில் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்தது. உள்நாட்டுச் சட்டம் அதனால் மாறவில்லை. தடை நிலைப்பாடு பொது ஒழுங்கைப் பற்றியது. கருப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆராய்ச்சியையும் தாமதப்படுத்தியது.

உடல் தானே செய்யும் கஞ்சா

கேள்வியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது 1990களின் உயிர்வேதியியல். டி.எச்.சி. போய் ஒட்டும் சிபி1 என்ற ஏற்பியின் மரபணு 1990இலும், சிபி2 1993இலும் கண்டறியப்பட்டன. ஏற்பி இருக்கிறதென்றால் அதற்குரிய பொருளை உடலும் செய்ய வேண்டுமே? 1992இல் ஜெருசலேமில் டெவானும் ஹனுஷும் மெக்கூலமும் அதைக் கண்டுபிடித்து, வடமொழியின் ‘ஆனந்த’த்தை எடுத்து ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். பிறகு 2-ஏ.ஜி. என்ற இரண்டாவது பொருள் வந்தது. உயிரணுச் சவ்வின் கொழுப்பிலிருந்து தேவைப்படும்போது உருவாகி, ஃபா போன்ற நொதிகளால் உடனே உடைக்கப்படும் குறுகிய ஆயுள் தூதர்கள் இவை. ஏற்பிகள், தூதர்கள், அவற்றைச் செய்து உடைக்கும் நொதிகள் எல்லாம் சேர்ந்ததே எண்டோகன்னாபினாய்டு அமைப்பு.

மூளைக்கென்றே இருப்பதாக முதலில் நினைத்த இந்த அமைப்பைக் கருப்பையில் தேடியவர்களில் முக்கியமானவர் கல்கத்தாவில் படித்து அமெரிக்கா சென்ற சுதான்ஷு தே. அவர் குழு 1997இல் வெளியிட்ட அளவீட்டில், சுண்டெலியின் கருப்பையில் கரு ஒட்டும் காலத்தையொட்டி இருந்த ஆனந்தமைடு, அதுவரை எந்தப் பாலூட்டியின் திசுவிலும் கண்டிராத உச்ச அளவில் இருந்தது. அதைவிட வியப்பு அதன் ஏற்ற இறக்கம். கரு ஒட்டும் இடத்தில் அளவு தாழ்ந்திருந்தது. கரு ஒட்டாத இடைவெளிகளில் உயர்ந்திருந்தது. பின்னர் வந்த ஆய்வில், ஏழு நானோமோலார் ஆனந்தமைடு கருவை விழிக்கச் செய்தது, இருபத்தெட்டு முடக்கியது. நான்கு மடங்கு வித்தியாசத்தில் ‘வா’ என்பது ‘போ’ ஆகிவிடுகிறது.

2004இல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. சிபி1 ஏற்பி இல்லாத சுண்டெலியில் கரு கருக்குழாயிலேயே தங்கிவிட்டது. ஏற்பியை அளவுக்கு மீறித் தூண்டினாலும் அதேதான் நடந்தது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. மனிதரிலும் கருக்குழாய்க் கர்ப்பம் ஏற்பட்ட பெண்களின் குழாயில் சிபி1 குறைந்திருந்ததை ஒரு பிரிட்டிஷ் ஆய்வு கண்டது. இத்தாலியின் மக்கரோன் குழு 2000இல், கருச்சிதைவு ஏற்பட்ட பெண்களின் இரத்த வெள்ளணுக்களில் ஃபா நொதி தாழ்ந்திருந்ததாக லான்செட்டில் எழுதியது. நொதி குறைந்தால் ஆனந்தமைடு தேங்கும் என்பது இதன் உட்பொருள். ஆனால் இவற்றில் பல சிறு ஆய்வுகள். நொதிக் குறைவு சிதைவுக்குக் காரணமா, அதன் அடையாளமா என்பதை இவை தீர்த்துவிடவில்லை.

பிரசவத்தில் பழைய புதிர் புது உருவில் திரும்புகிறது. லெஸ்டர் நகர ஆய்வில், வலி எடுத்த பெண்களின் இரத்தத்தில் ஆனந்தமைடு, வலி எடுக்காத நிறைமாதப் பெண்களுக்கு இருந்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. கிறிஸ்டிசன் சொன்னது சரிதானோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் அயர்லாந்தில் 2004இல், அறுவைப் பிரசவத்தில் எடுத்த கருப்பைத் தசையைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தபோது ஆனந்தமைடும் டி.எச்.சி.யும் அதைத் தளர்த்தின. உடல் முழுவதிலும் நடப்பதும் கிண்ணத்தில் நடப்பதும் ஒன்றாக வேண்டியதில்லை என்பதற்கு மேல் இப்போதைக்கு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு வேறுபாடு மட்டும் தெளிவு. ஆனந்தமைடு நேரம் பார்த்து, இடம் பார்த்து ஏறி இறங்குகிறது. புகைத்த கஞ்சாவின் டி.எச்.சி. கொழுப்பில் தங்கிப் பல நாள் கசிகிறது. அதற்குச் சுழற்சி நாள் தெரியாது.

வலி

பெண்கள் கஞ்சாவை நாடுவதற்கு மேற்குலகில் முதல் காரணம் வலிதான். மாதவிலக்கு வலிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் புரோஸ்டாகிளாண்டின். காக்ஸ்-2 என்ற நொதி அதைச் செய்கிறது; அதே நொதி எண்டோகன்னாபினாய்டுகளையும் ஆக்சிஜனேற்றம் செய்து உருமாற்றுகிறது. ஆகவே காக்ஸைத் தடுக்கும் மாத்திரை ஒருபக்கம் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும்போது, இன்னொரு பக்கம் உடலின் சொந்தக் கஞ்சாவைக் கொஞ்சம் காப்பாற்றவும் கூடும். பாராசிட்டமாலும் மூளையில் ஏ.எம்.404 என்ற பொருளாக மாறி இந்த அமைப்போடு தொடர்பு கொள்கிறது என்று 2005இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் மாத்திரையே இந்த வழியில் ஒரு காலை வைத்திருக்கிறது என்பது கஞ்சாவை மட்டும் அதிசயமாகப் பேசுவோர் மறந்துவிடும் செய்தி.

காக்ஸைத் தடுக்கும் மாத்திரையும் மாசற்றதில்லை. மாதவிலக்கு வலிக்கு நாடெங்கும் விழுங்கப்படும் மெஃபெனமிக் அமிலம், அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்துநூல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலைபார்க்கும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்தில் பெயரில்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். நூற்பாலை வேலையை நம்பியிருக்கும் ராஜபாளையம் போன்ற ஊரில் இந்தச் செய்தியின் கனம் சொல்லாமலே விளங்கும். வலியைப் பொறுத்துக்கொள், அல்லது எதையாவது போட்டுக்கொண்டு எந்திரத்துக்குத் திரும்பு என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியைத் தேடுவது நியாயமான தேடலே.

கஞ்சா அந்த மூன்றாவது வழியா? கருப்பையின் உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், குழந்தைபெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்நோயுள்ள பெண்களிடம் நடத்தி 2020இல் வெளியான இணையக் கணக்கெடுப்பில், தாமே வலியைச் சமாளிக்க வழி தேடியவர்களில் 13 விழுக்காட்டினர் கஞ்சாவைச் சொன்னார்கள், பத்துக்கு 7.6 என்று மதிப்பெண்ணும் போட்டார்கள். அதே ஆண்டு பார்சலோனாவில் சுண்டெலிகளுக்கு டி.எச்.சி. கொடுத்தபோது வலியும் குறைந்தது, படல வளர்ச்சியும் குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திகள்தாம். ஆனால் பயன் கண்டவர்களே தொடர்ந்து பயன்படுத்துவார்கள், அவர்களே உயர்ந்த மதிப்பெண்ணும் போடுவார்கள். போலிமருந்தோடு ஒப்பிட்ட பெரிய சோதனைகள் இல்லாதவரை அந்த 7.6 ஓர் அனுபவக் குறிப்பு என்ற அளவிலேயே நிற்கும்.

நீர்க்கட்டிப் பிரச்சினையில் திசையே மாறுகிறது. சிபி1ஐத் தடுக்கும் ரிமோனபான்ட் என்ற மாத்திரையை, உடல்பருமனும் நீர்க்கட்டியும் உள்ள சில பெண்களுக்கு இங்கிலாந்தின் ஹல் நகரில் சத்தியபாலன் குழு கொடுத்துப் பார்த்தது. எடை குறைந்தது, ஆண் இயக்குநீரும் குறைந்தது. அந்த மாத்திரை மனச்சோர்வை உண்டாக்கியதால் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. எண்டோமெட்ரியோசிஸில் எதைத் தூண்டினால் நன்மை என்று பேசுகிறோமோ, நீர்க்கட்டியில் அதைத் தடுத்தால் நன்மை. ‘பெண்களுக்குக் கஞ்சா நல்லது’ என்ற ஒற்றை வாக்கியம் இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது.

கருத்தரிப்பு, கர்ப்பம், தாய்ப்பால்

1983இல் குரங்குகளில் நடந்த சோதனை ஒன்று இன்னும் சிந்திக்க வைப்பது. வாரம் மூன்று முறை டி.எச்.சி. போட்டதும் மாதச் சுழற்சி நின்றது. சில மாதம் கழித்து, ஊசி தொடர்ந்துகொண்டிருக்கும்போதே, சுழற்சி திரும்பியது. உடல் பழகிக்கொண்டது. மனிதரில் கிடைக்கும் எண்கள் பிரிந்து கிடப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். முன்பே கருச்சிதைவு கண்ட அமெரிக்கப் பெண்கள் 1,228 பேரைத் தொடர்ந்து 2021இல் வந்த ஆய்வில், கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் பயன்படுத்தியவர்கள் எண்ணிக்கை சிறிது. அதற்கு மூன்றாண்டு முன் வந்த வட அமெரிக்க இணையவழி ஆய்வில் தொடர்பு ஏதும் பெரிதாக இல்லை.

கர்ப்பத்தில் விடை இவ்வளவு சிதறவில்லை. கர்ப்பிணி கஞ்சா புகைப்பதற்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் உள்ள தொடர்புக்குக் கணிசமான சான்று உண்டு என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் மதிப்பிட்டன. ஒன்டாரியோவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை அலசிய 2019 ஆய்வில், புகையிலை முதலியவற்றைச் சமன்செய்த பிறகும் குறைமாதப் பிரசவம் 1.41 மடங்காக இருந்தது. தாயின் வாய்ச்சொல்லை நம்பிய தரவு, எவ்வளவு புகைத்தார் என்ற அளவு இல்லை என்ற குறைகள் அதற்கும் உண்டு. இருந்தாலும் மகப்பேறு மருத்துவர் சங்கங்கள் கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் வேண்டாம் என்று சொல்வதற்கு இது போதுமான அடிப்படை என்றே கருதலாம்.

தாய்ப்பாலில் இருபக்கமும் உண்டு. சான்டியாகோவில் 50 தாய்மாரின் பாலைச் சோதித்தபோது, கடைசியாகப் பயன்படுத்தி ஆறு நாள் வரை டி.எச்.சி. தென்பட்டது. அதே சமயம் தாய்ப்பாலில் 2-ஏ.ஜி. இயல்பாகவே உண்டு. பிறந்த சுண்டெலிக் குட்டிக்குச் சிபி1ஐத் தடுத்துவிட்டால் அது பால் குடிக்கவே முயல்வதில்லை என்று எஸ்தர் ஃப்ரைட் காட்டியிருக்கிறார். பால் குடிக்கும் முதல் உந்துதலே இந்த அமைப்பின் தயவு.

புகைப்பவர் யார்?

மேலே சொன்ன மனித ஆய்வுகள் எல்லாம் பெண்கள் தாமே கஞ்சா பயன்படுத்தும் நாடுகளில் நடந்தவை. நம் நிலைமை வேறு. 2019இல் எய்ம்ஸ் மையம் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில் இந்தியர்களில் 2.8 விழுக்காட்டினர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், ஓராண்டுக்குள் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியவர்கள். ஆண்களில் அது 5 விழுக்காடு. பெண்களில் ஒன்றுக்கும் கீழ். மலையடிவாரத்து ஊர்களில் கஞ்சா பெண்ணின் வாழ்க்கைக்குள் வருவது பெரும்பாலும் கணவன் வழியாக அல்லது மகன் வழியாக.

விந்தணுவைப் பற்றிய சான்றும் ஒருமுகமாக இல்லை. டென்மார்க்கில் 1,215 இளைஞர்களில் வாரம் ஒருமுறைக்கு மேல் புகைத்தவர்களின் விந்தணுச் செறிவு 28 விழுக்காடு குறைந்திருந்தது. 2019இல் ஹார்வர்டு ஆய்வோ, குழந்தைப்பேற்று மருத்துவமனைக்கு வந்த 662 ஆண்களில் வாழ்நாளில் என்றாவது புகைத்திருந்தவர்களுக்குச் செறிவு கூடியிருந்ததாகக் கண்டது. அளவு, காலம், கூடவே குடித்த பீடி ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டில் எதையும் இங்கே நேராகப் பொருத்த முடியாது. ஆனால் ‘கஞ்சாவும் பெண்ணின் கருவளமும்’ என்ற தலைப்பைத் தமிழ்நாட்டில் எழுதும்போது ஆணை விட்டுவிட்டால் பாதிக் கேள்வி காணாமல் போகிறது. பிள்ளை இல்லையென்றால் மலைவேம்பு அரைத்துக் குடிப்பவள் அவள்தான் என்றிருக்க, புகைப்பவன் அவன்.

இன்னும் திறந்திருப்பவை

இப்போதைய சான்றுகளை நிறுத்துப் பார்த்தால், எண்டோகன்னாபினாய்டு அமைப்பு கரு ஒட்டுவதிலும் பேற்றிலும் பங்குபெறுகிறது என்பது உறுதிக்கு மிக அருகில் நிற்கிறது. கர்ப்பத்தில் கஞ்சாவைத் தவிர்ப்பது நல்லது என்பது அதற்கு அடுத்த படியில். வலிக்கு உதவும் என்பது நம்பத்தக்க ஊகம்; கருத்தரிப்பைக் குறைக்கும் என்பதும் அதே தரத்து ஊகமே. கஞ்சாவிலிருந்து எடுக்கும் போதையற்ற சி.பி.டி. எண்ணெய் பெண்நோய்களைத் தீர்க்கும் என்ற விளம்பரத்துக்கு இப்போது கிடைக்கும் சான்று மிகவும் மெலிது.

இந்தியப் பெண்களின் சுழற்சியில் ஆனந்தமைடு எப்படி ஏறி இறங்குகிறது, இரத்தசோகையும் குறைந்த எடையும் பரவலாக உள்ள இடத்தில் அந்த அளவுகள் மாறுமா, செடியைத் தொடாமல் ஃபா நொதியை மட்டும் மெல்லத் தடுத்து வலியைக் குறைக்க வழியுண்டா என்பவை காத்திருக்கும் கேள்விகள். கடைசியாகச் சொன்ன வழியில் 2016இல் பிரான்சின் ரென் நகரில் நடந்த ஒரு மருந்துச் சோதனையில் ஒருவர் இறந்தார். அந்த மருந்து பிற நொதிகளையும் தாக்கியது பின்னர் தெரிந்தது. அதிலிருந்து ஆய்வாளர்கள் எச்சரிக்கையாகவே நகர்கிறார்கள்.

உரிமம், ஆய்வகம், பெரும் நிதி எதுவும் இல்லாமல் இங்கேயே தொடங்கக்கூடியதும் ஒன்று உண்டு. பிள்ளை இல்லையென்று வரும் தம்பதியிடம் பெண்ணின் சுழற்சி நாளைக் கேட்கும் மருத்துவர், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பீடி, மது, கஞ்சா மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு எழுதிவைத்தால், டென்மார்க்கையும் ஹார்வர்டையும் கடன் வாங்காத எண்கள் சில ஆண்டுகளில் சேர்ந்துவிடும்.